கொல்லையில் வெள்ளரி காய்த்துத் தள்ளுகிறது: பச்சடி தவிர என்ன சமைக்கலாம்?

காவிரிக்கரைக் கொல்லை (குளித்தலை)

வணக்கம். பொங்கல் கழிந்த கையோடு கிணற்றடியில் ஆறு குழி எடுத்து, மட்கிய சாணத்தோடு ஆற்று மணல் கலந்து வெள்ளரி விதை ஊன்றினேன். பங்குனியில் பிஞ்சு பிடித்தது. சித்திரை பிறந்ததிலிருந்து நிற்காமல் காய்க்கிறது. காலையில் பறித்தால் முறம் நிறைகிறது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால் பறித்த சுவடே தெரியவில்லை.

முதலில் எங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றோம். தயிர்ப் பச்சடி செய்தோம். ராமநவமிக்குப் பாசிப்பருப்பு ஊறவைத்துக் கோசுமல்லி செய்து, பானகம், நீர்மோரோடு தெருவுக்கே கொடுத்தோம். இப்போது அக்கம்பக்கத்தில் யாரும் வாங்கிக்கொள்வதில்லை. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் இந்த வருடம் வெள்ளரிதான் போட்டிருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கி வைத்ததெல்லாம் சில நாட்களில் தோல் குழிவிழுந்து, உள்ளே நீர்கோத்து வழவழத்துவிட்டது.

என் கவலைக்கு இன்னொரு காரணம் மாமியார். 80 வயதைத் தாண்டியவர். ஆற்று மணலில் வெள்ளரி போட்ட குடும்பம் அவருடையது. கோடையில் காவிரி வற்றியதும் மணலில் ஊற்றுத் தோண்டி, குடத்தில் மொண்டு ஊற்றி வளர்த்து, பிஞ்சைக் கூடையில் சுமந்துபோய் ரயிலடியில் விற்றவர். அவருக்கு வெள்ளரி என்றால் உயிர். ஆனால் இப்போது வாயில் ஒரு பல்கூட இல்லை. ஒரு துண்டை வாயில் அதக்கிச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தட்டில் வைத்துவிடுகிறார். பார்க்க மனது பொறுக்கவில்லை.

வெள்ளரியை வேகவைத்துச் சமைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அடுப்பில் ஏற்றினால் தண்ணீராகப் போய்விடும் என்று கேட்டே வளர்ந்தேன். சமைப்பவர்கள் இங்கே இருந்தால் கைப்பக்குவம் சொல்லுங்கள். இலைக்கடியில் ஒளிந்து கிடந்து மஞ்சளாகப் பழுத்துவிட்ட காய்களை என்ன செய்வது? நடுநடுவே ஒன்றிரண்டு கசக்கவும் செய்கின்றன. வேலியில் பாகற்கொடி இருப்பதால்தான் கசப்பு ஏறுகிறது, அதைப் பிடுங்கு என்கிறார் வீட்டுக்காரர். அது நிஜமா?

மாடிக்கொடி (மதுரை)

அக்கா, சமையல் மற்றவர்கள் சொல்வார்கள். கொடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாகற்கொடியைப் பிடுங்காதீர்கள். பாகலும் வெள்ளரியும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு இனம். ஒன்றின் மகரந்தம் மற்றதில் சேராது. காயில் வரும் கசப்பு வெள்ளரிக்கே உள்ளது. குகர்பிட்டாசின் என்று ஒரு பொருள் அந்தச் செடியில் இயல்பாகவே உண்டு. வெயில் கடுமையாக அடித்து, வேருக்குத் தண்ணீர் ஒருநாள் கிடைத்து மறுநாள் கிடைக்காமல் போனால் அது காய்க்குள் ஏறும். காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் சேரும். காம்புத் தலையை இரண்டு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டுத் தோலைச் சீவினால் லேசான கசப்பு போய்விடும். அப்படியும் வாய் சுருங்கக் கசந்தால் அந்தக் காயைச் சமைக்க வேண்டாம். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு முறியாது. நிறைய உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பெரியவர் இருக்கிற வீடு, கவனமாக இருங்கள். வேரடியில் வைக்கோலோ காய்ந்த தென்னங்கீற்றோ பரப்பி, தினமும் காலையில் தண்ணீர் விடுங்கள். அடுத்து வரும் காய்களில் கசப்பு குறைந்துவிடும்.

காய் வேண்டாம் என்று கொடியிலேயே விட்டுவிடாதீர்கள். ஒரு காய் முற்றி விதை கட்டத் தொடங்கினால் கொடியின் பலமெல்லாம் அதற்கே போய்விடும். புதுப் பூ குறையும். நீங்கள் பறித்துக்கொண்டே இருப்பதால்தான் இப்படிக் காய்க்கிறது. கொஞ்சம் ஓய்வு வேண்டுமானால் ஒரு குழியில் மட்டும் இரண்டு காயை முற்ற விட்டுப் பாருங்கள், அந்தக் கொடி தானாக அடங்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் குழிவிழுவதற்குக் காரணம் குளிர். 10 டிகிரிக்குக் கீழே வெள்ளரி தாங்காது. பெட்டிக்குள் 4, 5 டிகிரிதான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் தின்றுவிடுவதாக இருந்தால் மட்டும் கதவுப் பக்கத்தில் வையுங்கள். மற்றதை ஈரத்துணியில் சுற்றி மண்பானையில் போட்டு நிழலில் வைக்கலாம். வாழைப்பழம், தக்காளி, மாம்பழம் இருக்கிற கூடையில் சேர்க்காதீர்கள். பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் வெள்ளரி சீக்கிரம் மஞ்சளாகும்.

தக்கலை அடுக்களை

தங்கச்சி, உன் மாமியாரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் குமரி மாவட்டத்தில் கல்யாணப் பந்தி என்றால் இலையில் தேங்காயும் தயிரும் சேர்த்த வெள்ளரிக்காய்க் கிச்சடி விழாமல் சோறு விழாது. வெள்ளரியை நாங்கள் அடுப்பில் ஏற்றுகிற காயாகத்தான் முதலில் நினைப்போம். பச்சையாகத் தின்பது அதற்குப் பிறகு. எங்களிடம் அதிகம் புழங்குவது சித்திரை விஷுக் கணியில் வைக்கிற மஞ்சள் கறிவெள்ளரி. உன் கொல்லைப் பச்சை வெள்ளரியிலும் செய்யலாம், கொஞ்சம் சீக்கிரம் வெந்துவிடும், அவ்வளவுதான்.

முறத்தில் இருக்கிற காய்களை முதலில் வயதுபடி பிரி. விரல் நீளப் பிஞ்சு ஒரு பக்கம். விதை பால்பிடித்த நடுத்தரக் காய் ஒரு பக்கம். மஞ்சளாகி விதை முற்றியது தனி. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டால் பிஞ்சு கரைந்துவிடும், முற்றல் வேகாமல் நிற்கும். வெள்ளரி தண்ணீராகப் போகிறது என்று சொல்பவர்கள் இப்படிச் சேர்த்துப் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

கிச்சடிக்கு நடுத்தரக் காய் வேண்டும். அரைக் கிலோ எடுத்துத் தோல் சீவி, நீளவாக்கில் பிளந்து, கரண்டியின் நுனியால் விதைச் சதையை வழித்து எடு. அதை எறிந்துவிடாதே, பிறகு சொல்கிறேன். காயைச் சிறு சதுரங்களாக நறுக்கி, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு போட்டு, அடி பிடிக்காமல் இருக்க இரண்டு கரண்டி தண்ணீர் மட்டும் தெளித்து மூடி வை. அதற்குமேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது தானாக வெளியே வரும். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால் துண்டுகள் வெண்மை மாறிக் கண்ணாடியாகத் தெரியும். ஓரம் கூர்மையாகவே இருக்கும், ஆனால் கரண்டியால் அழுத்தினால் வெண்ணெயாக நசுங்கும். அந்தப் பதத்தில் மூடியை எடுத்துவிட்டு, மிச்ச நீர் சுண்டும்வரை தீயைக் கூட்டு.

இதற்குள் அரை மூடித் தேங்காயைத் துருவி, ஒரு பச்சை மிளகாயோடு நைசாக அரைத்துக்கொள். கடைசியில் அரைத் தேக்கரண்டி பச்சைக் கடுகைப் போட்டு இரண்டே சுற்று. கடுகு உடைய வேண்டும், மாவாகக் கூடாது, மாவானால் கசக்கும். உடைந்த கடுகின் மணம் மூக்கில் சுரீரென்று ஏறும்போது நிறுத்திவிடு. அரைத்ததைக் காயில் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, சட்டியைத் தொட்டால் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற விடு. அதற்குப் பிறகுதான் ஒரு கப் கெட்டித் தயிரைக் கடைந்து சேர்க்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே தயிர் ஊற்றினால் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. உன் மாமியாருக்குக் குழைந்த சோற்றில் பிசைந்து கொடு. வெள்ளரியின் மணம் அப்படியே நிற்கும், மெல்ல வேண்டிய வேலையே இருக்காது.

மோர்க்குழம்பிலும் போடலாம். தடியங்காய் (வெண்பூசணி) போடுகிற இடத்தில் வெள்ளரி. ஒரு கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி பச்சரிசி ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்து, வெந்த காயில் கொதிக்கவிட்டு, புளித்த மோரை ஊற்றி நுரை கூடியதும் இறக்கிவிடு. கூட்டு என்றால் பாசிப்பருப்பு. பருப்பைத் தனியாக வேகவைத்துவிட்டுக் காயைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

இனி மஞ்சளாகப் பழுத்தது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தோல் தடித்திருக்கும், சதையில் இளம்புளிப்பு வந்திருக்கும். தோலைச் சீவி விதையை எடுத்துவிட்டுப் பெரிய துண்டாகப் போட்டுத் துவரம்பருப்போடு சாம்பார் வை. ஆந்திராவில் தோசக்காய்ப் பப்பு செய்கிறார்களே, அந்த முறை. காயிலேயே புளிப்பு இருப்பதால் புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்.

வழித்து வைத்த விதைச் சதையை மத்தால் கடைந்து வடிகட்டு. அந்தச் சாற்றை மோரில் கலந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்டுக் குடிக்கலாம். சித்திரை வெயிலுக்கு அதைவிட வேறொன்று வேண்டாம். பிஞ்சுத் தோலையும் நான் எறிவதில்லை. உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய் வறுத்து, தோலை எண்ணெயில் பச்சை வாடை போக வதக்கி, புளி, தேங்காய் சேர்த்துத் துவையல். கசக்கிற காயின் தோல் மட்டும் கூடாது.

நேத்ராவதி (சென்னை, பிறந்த ஊர் மங்களூர்)

தக்கலை அம்மா சொன்னது அருமை. நிறையக் காய் ஒரே நேரத்தில் தீர வேண்டும் என்றால் எங்கள் ஊர் வெள்ளரி தோசை செய்து பாருங்கள். இரண்டு கப் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, அரைக் கப் தேங்காய்த் துருவலோடு, தோல் சீவி விதை எடுத்து நறுக்கிய வெள்ளரி இரண்டு கப் போட்டு அரைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், காயின் நீரே போதும். புளிக்க வைக்க வேண்டாம். உப்பு போட்டு உடனே வார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கல்லில் ரவா தோசைபோல் மாவை மேலிருந்து ஊற்றி, மூடி வேகவிடுங்கள். திருப்பிப் போட வேண்டியதில்லை. மிக மென்மையாக வரும். பல் இல்லாதவர்கள் பாலில் தோய்த்துச் சாப்பிட எங்கள் வீட்டில் இதைத்தான் கொடுப்பார்கள்.

இதே மாவில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் இனிப்பு தோசை. கொங்கணக் கரையில் துருவிய வெள்ளரி, அரிசி ரவை, வெல்லம், தேங்காய் கலந்து வாழையிலையில் ஊற்றி ஆவியில் வேகவைத்து ஓர் இனிப்பும் செய்வார்கள். தவ்சளி என்று பெயர். அதற்கு முற்றிய மஞ்சள் காய்தான் சரி.

பிஞ்சுக்கூடை (திண்டுக்கல் மாவட்டம்)

அக்கா, உங்கள் பிஞ்சுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கத்தில் ஏற்றுமதிக்காக ஊறுகாய் வெள்ளரி பயிரிடுகிறோம். 1990களில் கர்நாடகத்தில் தொடங்கி நம் பக்கமும் வந்த பயிர் இது. சீசனில் காலை, மாலை இரண்டு வேளையும் பறிப்போம். ஒரு வேளை தவறினால் பிஞ்சு பருத்து விலை இறங்கிவிடும். ஒரு கிலோவுக்கு 160 காய்க்கு மேல் ஏறுகிற சிறு பிஞ்சுக்குத்தான் நல்ல காசு. அறுபது எழுபதுதான் ஏறும் என்றால் விலை வெகுவாகக் குறையும். இங்கே வேலை செய்து தெரிந்துகொண்டதை வைத்து வீட்டில் நான் போடுகிற உப்புநீர் ஊறுகாயைச் சொல்கிறேன்.

அன்று பறித்த பிஞ்சு வேண்டும். முந்தின நாள் பறித்தது உள்ளே கூடு விழுந்துவிடும். நன்றாகக் கழுவி, காம்புக்கு எதிர்ப்பக்கம் பூ ஒட்டியிருந்த நுனியை ஒரு நெல்லளவு சீவிவிடுங்கள். அந்த நுனியில் காயை இளக்குகிற நொதி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் ஊறுகாய் கொழகொழவென்று ஆகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிடுங்கள். கண்ணாடி ஜாடியின் அடியில் நான்கைந்து பல் பூண்டு, மிளகு, கடுகு, இரண்டு வற்றல் மிளகாய், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சதகுப்பை ஒரு தேக்கரண்டி. அதன்மேல் பிஞ்சுகளை நெருக்கமாக நிறுத்தி அடுக்கி, உப்புநீரை மூழ்க ஊற்றுங்கள். கம்பம் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் இரண்டு திராட்சை இலை கேட்டு வாங்கி மேலே போடுங்கள். அதன் துவர்ப்பு பிஞ்சை மொறுமொறுப்பாக வைத்திருக்கும். இலை கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை தேயிலைத் தூளைத் துணியில் முடிந்து போட்டாலும் போதும்.

பிஞ்சு நீருக்கு மேலே தலைதூக்கக் கூடாது. சிறு கிண்ணத்தை மேலே கவிழ்த்து அமிழ்த்திவிடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். மறுநாளே குமிழி வரும், தண்ணீர் கலங்கும். பயப்பட வேண்டாம், தயிர் புளிப்பதும் இப்படித்தான். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு நாட்களில் புளிப்பு ஏறிவிடும். கடித்துப் பார்த்துப் பிடித்த பதத்தில் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிட்டால் இரண்டு மாதம் வரை நிற்கும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்தால், நாற்றம் வந்தால், தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

காவிரிக்கரைக் கொல்லை (குளித்தலை)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாகற்கொடி தப்பித்தது.

தக்கலை அக்கா, கிச்சடி செய்தேன். நீங்கள் சொன்ன கண்ணாடிப் பதம் சரியாகத் தெரிந்தது. அத்தை முதல் கவளத்தைச் சாப்பிட்டதும் "கடுகு அரைச்சியா?" என்றுதான் கேட்டார். பிறகு பேசாமல் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். இராத்திரிக்கு வெள்ளரி தோசை. பாலில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, அவர் அப்பா பழுத்த வெள்ளரியைப் பிளந்து நாட்டுச் சர்க்கரை தூவிக் கொடுப்பார் என்று சொல்ல ஆரம்பித்தவர், எந்தத் துறையில் யார் யார் மணல் பிடித்து வெள்ளரி போட்டார்கள் என்பது வரை சொன்னார். வீட்டுக்காரருக்கே தெரியாத கதைகள். இப்போது தோசைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு அரைக் கிலோ செலவாகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. அத்தைக்கு இரத்த அழுத்தம் உண்டு, மருந்து சாப்பிடுகிறார். உப்புநீர் ஊறுகாய் கொடுக்கலாமா? வற்றல் போட்டால் மழைக்காலத்துக்கு ஆகும் என்கிறார், மணல் வெள்ளரியில் அவர் வீட்டில் போட்டிருக்கிறார்களாம். உங்களில் யாராவது போட்டதுண்டா? அடுத்த பட்டத்துக்கு விதையும் எடுத்து வைக்க வேண்டும்.

பிஞ்சுக்கூடை (திண்டுக்கல் மாவட்டம்)

அக்கா, அத்தைக்கு ஊறுகாய் வேண்டாம். உப்புநீரில் ஊறியதைக் கழுவினாலும் உள்ளே போன உப்பு முழுதாக வெளியேறாது. அதை நீங்களும் பிள்ளைகளும் சாப்பிடுங்கள். அவருக்குக் கிச்சடியும் கூட்டும் உப்புக் குறைத்துச் செய்யுங்கள்; எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறைவு தெரியாது.

விதை எடுப்பதற்கு நன்றாக மஞ்சளாகி, தோல் பழுப்பேறத் தொடங்கிய காய் வேண்டும். நல்ல கொடியாகப் பார்த்து, கசக்காத காயாக ஒன்றிரண்டை அடையாளக் கயிறு கட்டி விட்டுவிடுங்கள். பறித்து ஒரு வாரம் வைத்திருந்து பிளந்து, விதையைச் சதையோடு ஒரு கிண்ணத்தில் போட்டு இரண்டு நாள் புளிக்கவிட்டால் வழவழப்பு கழன்றுவிடும். தண்ணீர் ஊற்றி அலசும்போது மிதப்பதைத் தள்ளிவிட்டு, அடியில் தங்குவதை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். நீங்கள் ஊன்றியது கடையில் வாங்கிய ஒட்டுவிதையாக இருந்தால் அடுத்த தலைமுறைக் காய் இதேபோல் வராது. நாட்டு ரகம் என்றால் தாராளமாக எடுக்கலாம், பக்கத்து வீட்டு வெள்ளரியோடு கலப்பதைத் தடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பூ மலர்வதற்கு முந்தின மாலை பெண்பூவையும் ஆண்பூவையும் நூலால் கட்டிவிட்டு, காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவி மறுபடி கட்டிவிடுங்கள். அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண்பூ.

தக்கலை அடுக்களை

வற்றல் நான் போடுவதுண்டு தங்கச்சி. உன் அத்தை சொல்வதைக் கேள், அவர் கை வைத்தால் என்னைவிட நன்றாக வரும். நான் செய்வது மோர்மிளகாய் போடுகிற அதே முறைதான். விதை முற்றாத காயைத் தோலோடு கால் அங்குல வட்டமாக நறுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவிடு. காலையில் எடுத்துப் பாயில் துணி விரித்து வெயிலில் பரப்பு. மாலையில் திரும்ப அதே மோரில். மோர் முழுக்கக் காயில் ஏறும்வரை இப்படியே. பிறகு மோர் இல்லாமல் காயவிட்டு, ஒடித்தால் படக்கென்று முறிகிற பதத்தில் டப்பாவில் போட்டு வை. ஒரு கிலோ காய் காய்ந்தால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். அதனால் பெரிய முறமாக உள்ள நாளில் தொடங்கு.

இதிலும் உப்பு உண்டு. அத்தைக்கென்று ஒரு பங்கை உப்பில்லாமல் வெறும் வெயிலில் காயவைத்துத் தனி டப்பாவில் வை. அது கொஞ்சம் கறுத்துப்போகும், சுவைக்குக் குறையில்லை. ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். உப்பில்லாதது சீக்கிரம் பூசணம் பிடிக்கும். வற்றல்குழம்பில் போடும்போது வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துவிட்டுப் போடு, நன்றாக மெத்தென்று வேகும், அவர் ஈறாலேயே நசுக்கிக்கொள்ளலாம்.

பங்குனி, சித்திரை வெயில் போய்விட்டால் வற்றல் காயாது. இந்த வாரமே போட்டுவிடு.